அநுதாபம்: ஒரு சொல்லின் பொருளும் ஆட்சியும்



பூர்வாசார்யர்களின் வியாக்கியானங்களை இக்காலத்தில் வாசிப்போர்க்கு இடர் விளைப்பவை அரிய சொற்கள் அல்ல. அரிய சொல்லைக் கண்டவிடத்து வாசிப்பவர் நிற்பார், அகராதியைப் புரட்டுவார், அறிந்தாரைக் கேட்பார். நாள்தோறும் வாயில் வழங்கும் சொல் பொருள் திரிந்து நிற்குமாயின், அது அவரை நிறுத்துவதில்லை. பொருள் தெரிந்ததாகவே எண்ணிக் கடந்துபோவார். வியாக்கியாதா ஒன்று அருளிச்செய்ய, அவர் வேறொன்றைக் கொள்வார். இவ்வகைச் சொற்களுள் தலையாயது 'அநுதாபம்' என்பது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைப் பந்தல்களால் பெயர்பெற்ற ஊர் ஓடைப்பட்டி. அவ்வூரிலோ அருகிலுள்ள சின்னமனூரிலோ ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால், சுவரொட்டியில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று அச்சிடுவர். பிறர் துயரம் கண்டு நெஞ்சு நெகிழ்தல் என்பதே அங்குப் பொருள். அரசியல் வழக்கிலும் அவ்வாறே. 1984ஆம் ஆண்டுத் தேர்தலில், அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். வெற்றி பெற்ற ஆண்டிப்பட்டியும் இத் தேனி வட்டாரத்ததே. அத்தேர்தலைக் குறித்துப் பேசுவோர் 'அனுதாப அலை' என்ற தொடரை இன்றும் ஆள்கின்றனர்.

ஓடைப்பட்டியிலிருந்து தென்மேற்கே கம்பம், கூடலூர் கடந்து மலையேறினால் குமுளி. எல்லைக்கு அப்பால் மலையாள வழக்கில் அதே 'அநுதாபம்' வேறு பொருள் தரும். தான் செய்த பாவத்தை எண்ணித் தான் வருந்துவதே அங்கு அதன் பொருள். பிறர் துயரில் பங்குகொள்வதை அவர்கள் 'ஸஹதாபம்' என்பர். ஒரே சொல், ஒரு மலைக்கு இப்புறம் பிறரை நோக்கி நிற்கிறது. அப்புறம் தன்னை நோக்கி நிற்கிறது. நம் ஆசார்யர்களின் மணிப்ரவாள நூல்களில் இச்சொல் எப்புறத்துப் பொருளில் நிற்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் இலக்கணம்

'அநு' என்ற உபஸர்க்கமும் 'தப்' என்ற தாதுவும் கூடியது இச்சொல். 'தப்' என்பதற்குச் சுடுதல், வெதுப்புதல் என்பன பொருள். 'தபஸ்', 'ஸந்தாபம்', 'தாபத்ரயம்' ஆகியவையும் இத்தாதுவினின்று பிறந்தவை. 'அநு' என்பதற்குப் 'பின்' என்பது இங்குப் பொருள். ஆகவே, செயல் முடிந்தபின் சுடுவது அநுதாபம். செய்யும்போது இனித்தது, செய்தபின் சுடுகிறது என்றவாறு.

இப்பொருள் மிகப் பழையது. பாணினி முனிவர் தம் அஷ்டாத்யாயியில் (3-1-65) 'தப்' தாதுவின் இறந்தகால வடிவம் ஒன்றுக்கு விலக்கு ஓதுமிடத்தில், அநுதாபம் என்ற பொருளைப் பெயர் சொல்லியே குறித்தார். காசிகை உரை அதற்குப் 'பச்சாத்தாபம்' என்று பொருள் கூறிற்று. அங்கு வையாகரணர் காட்டும் உதாஹரணம் கருதத்தக்கது. ஒரு விளக்கத்தின்படி அவ்வாக்கியத்தில் சுடுகிற கர்த்தா, பாவம். சுடப்படுகிறவன், அதைச் செய்தவன். செய்தபோது அவன் கர்த்தாவாயிருந்தான், பாவம் கர்மமாயிருந்தது. பின்னர் அந்நிலை மாறிப் பாவம் கர்த்தாவாகிறது. அநுதாபத்தின் இயல்பை இவ்வளவு சுருக்கமாக உணர்த்தும் இடம் வேறு காண்பது அரிது.

அமரகோசம் முதற்காண்டத்து நாட்டிய வர்க்கத்தில் பச்சாத்தாபம், அநுதாபம், விப்ரதீஸாரம் ஆகிய மூன்றையும் ஒருபொருட் சொற்களாகப் படித்தது. அதே வர்க்கத்தில், பிறர் துயர் கண்டு இரங்குவதற்குரிய சொற்கள் தனியே உள்ளன. காருண்யம், கருணை, கிருபை, தயை, அநுகம்பை, அநுக்ரோசம் என்பன அவை. அவற்றோடு அநுதாபத்தை அமரஸிம்ஹர் சேர்க்கவில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அநுகம்பை, அநுக்ரோசம் என்பவற்றிலும் 'அநு' இருக்கிறதே. அவை பிறர்பால் இரக்கத்தைக் குறிக்க, அநுதாபம் மட்டும் குறிக்கலாகாதோ எனின், கூறுவோம். 'அநு' என்பதற்குப் 'பின்' என்பதேயன்றி 'உடன்' என்பதும் பொருள். மூன்றாம் வேற்றுமைப் பொருளில் அநு வருவதைப் பாணினியும் (1-4-85) ஓதினார். நடுங்குபவனைக் கண்டு உடன் நடுங்குவது அநுகம்பை. கதறுபவனைக் கண்டு உடன் கதறுவது அநுக்ரோசம். இவ்விரண்டிலும் 'உடன்' என்ற பொருள் பொருந்தும். அநுதாபத்திலோ 'பின்' என்ற பொருளே ஆன்றோர் வழக்கில் நிலைபெற்றது. தற்காலத் தமிழ் வழக்கு அதனை 'உடன் வேகுதல்' என்று கொண்டது போலும். அவ்வாறு கொள்வதற்குச் சொல்லமைப்பு இடம் தருகிறது. பழைய ஆட்சி இடம் தரவில்லை.

தமிழில் நேர்ந்த திரிபு

இத்திரிபுக்குத் தமிழ்ச் சொல்லாகிய 'இரங்குதல்' ஒரு காரணம் எனலாம். தமிழில் இரங்குதல் இருபாலும் செல்லும். தன் செயல் நினைந்து வருந்துவதும் இரங்கலே. பிறர்க்கு நெகிழ்வதும் இரங்கலே. திருவள்ளுவர் வினைத்தூய்மை அதிகாரத்தில் முதற்பொருளில் அச்சொல்லை ஆண்டார். இரங்கற்பா, இரங்கற் கூட்டம் என்னும்போது இரண்டாம் பொருள். அநுதாபத்துக்கு இரக்கம் என்று பொருள் எழுதியவிடத்து, எவ்விரக்கம் என்ற வேறுபாடு மறைந்துபோக வழியுண்டு.

வருந்தத்தக்கது, இத்திரிபு ஒரு சொல்லோடு நிற்கவில்லை என்பதே. 'பச்சாத்தாபம்' என்பதைத் தெலுங்கரும் கன்னடரும் இன்றளவும் தன் பிழைக்கு வருந்துதல் என்ற பொருளிலேயே வழங்குகின்றனர். தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பல. தமிழிலோ அச்சொல் 'பச்சாதாபம்' என்று தேய்ந்து, பரிதாபப்படுதல் என்ற பொருளை ஏற்றது. 'சுயபச்சாதாபம்' என்று தனக்குத்தானே பரிதாபப்படுவதையும் குறிக்கிறது. 'கழிவிரக்கம்' என்ற நல்ல தமிழ்ச்சொல்லும் அவ்வழியே சென்று, தன்னைப் பற்றிய பரிதாபத்தைக் குறிப்பதாய்ப் பலர் எழுத்தில் காணப்படுகிறது. 'மனஸ்தாபம்' என்பதோ மனத்தின் வெப்பத்தை விட்டு, இருவர்க்கிடையே உண்டான பிணக்கைக் குறிக்கலாயிற்று. பிழைக்கு வருந்துதலைச் சுட்டிய சொற்கள் ஒவ்வொன்றாகப் பிறரிடம் பரிவாகவும், தன்னிடம் பரிவாகவும், பிறரோடு பிணக்காகவும் மாறியிருக்கின்றன. 'நான் செய்தேன், அது என்னைச் சுடுகிறது' என்று சொல்ல ஒரு சொல் வேண்டின், வியாக்கியானங்களின் பழைய ஆட்சியை நோக்கியே செல்லவேண்டியிருக்கிறது.

அநுதாபம் ஆவதும் ஆகாததும்

அநுதாபத்தோடு மயங்கும் நிலைகள் சில உள. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

ஒன்று, இழப்பால் வரும் சோகம். திராட்சைத் தோட்டத்தான் ஒருவன் காலத்தில் கவாத்து செய்யாமல் விட்டு, விளைச்சல் குறைந்ததற்கு வருந்துகிறான். அது நஷ்டத்தைப் பற்றிய சோகம். அவனே, பங்குக் கிணற்றில் அயலானுடைய முறைத் தண்ணீரை இரவில் தன் பந்தலுக்குத் திருப்பிக்கொண்டு, நல்ல விளைச்சலும் கண்டு, பின்னொரு நாள் அயலானுடைய வாடிய கொடிகளைப் பார்த்து உறக்கம் இழக்கிறான் என்று கொள்வோம். அவனுக்கு நஷ்டம் ஏதுமில்லை; லாபமே உண்டு. அந்த லாபமே அவனைச் சுடுகிறது. இதுவே அநுதாபம்.

இரண்டு, பயம். அகப்பட்டுக்கொண்ட கள்வனும் நடுங்குவான். அது தண்டத்தைப் பற்றிய அச்சம். தண்டம் இல்லையென்று அறிந்த கணத்தில் அது நீங்கிவிடும். அநுதாபமோ பிறர் மன்னித்த பின்னும் சிறிது நிற்பது.

மூன்று, லஜ்ஜை. பிறர் பார்த்துவிட்டார்களே என்ற நாணம் பிறர் கண்ணைப் பற்றியது. யாரும் காணாத குற்றத்துக்கும் அநுதாபம் உண்டு.

நான்கு, நிர்வேதம். ஸம்ஸாரம் முழுவதிலும் வரும் வெறுப்பு அது. இன்ன நாளில் இன்னார்க்கு இன்னது செய்தேன் என்று குறித்த செயலைப் பற்றி நிற்பது அநுதாபம்.

ஐந்தாவதாக, 'அநுசயம்' என்ற சொல்லையும் நோக்குதல் தகும். அமரகோசம் அதற்கு நீண்ட பகை, அநுதாபம் என்று இருபொருள் கூறிற்று. வேதாந்தத்தில் அதற்கு வேறொரு பரிபாஷையும் உண்டு. ஜீவன் மேலுலகில் புண்ணியபலனை அநுபவித்து இறங்கும்போது, எஞ்சி ஒட்டிவரும் கர்மத்தை ப்ரஹ்மஸூத்ரம் (3-1-8) அநுசயம் என்றது. செய்தவனை விடாமல் பின்பற்றிக் கிடப்பது என்பதே இப்பொருள்கட்கெல்லாம் பொதுவான கரு. வினையும் ஒட்டுகிறது, வினையைப் பற்றிய வருத்தமும் ஒட்டுகிறது. முதலாவது கட்டுவது, இரண்டாவது கட்டவிழ்ப்பதற்குத் தொடக்கமாவது.

சாஸ்திரத்தில் இதன் இடம்

மநு தர்மசாஸ்திரம் பதினோராம் அத்தியாயத்தில் பாவம் நீங்கும் வழிகளைக் கூறுமிடத்தில், செய்ததை வெளிப்படச் சொல்லுதல், தவம், வேதாத்யயனம் முதலியவற்றோடு அநுதாபத்தையும் எண்ணிற்று. 'இனி இவ்வாறு செய்யேன்' என்ற விலகலையும் அதனோடு இணைத்தது. மீண்டும் செய்யும் எண்ணத்தோடு கூடிய வருத்தம் அநுதாபம் ஆகாது என்பது அதனால் பெறப்படும்.

ஸ்ரீவிஷ்ணுபுராணம் இன்னும் நுட்பமாகப் பேசிற்று. இரண்டாம் அம்சத்து ஆறாம் அத்தியாயத்தில் நரகங்களை விரித்துரைத்த ஸ்ரீபராசரர், பாவம் செய்தபின் எவனுக்கு அநுதாபம் பிறக்கிறதோ அவனுக்கு ஹரியை நினைப்பதொன்றே மேலான ப்ராயச்சித்தம் என்று முடித்தார். இங்கு அநுதாபம் ப்ராயச்சித்தமாகச் சொல்லப்படவில்லை; ப்ராயச்சித்தம் பலிக்கும் அதிகாரியின் அடையாளமாகச் சொல்லப்பட்டது. மருந்து ஹரிஸ்மரணம். நோயைத் தன்னுடையது என்று அறிந்தவனே மருந்தை உண்பான், அவ்வறிவே அநுதாபம்.

இவ்விடத்தைத் தற்காலப் பொருளில் ஒருவர் வாசித்தால் நேர்வது யாது? பாவம் செய்தவனிடத்தில் யாரோ பரிவு காட்டுவதாக முடியும். வருந்தவேண்டியவன் விடுபட்டுப்போவான், பிறர் பரிவே அவனுக்கு அதிகாரமாகும். ஒரு சொல்லின் பொருள் மாறியதால் வாக்கியத்தின் கர்த்தாவே மாறிவிடுகிறான். 'அநுதப்தனான சேதனன்' போன்ற தொடரையும் 'பரிதாபத்துக்குரியவன்' என்று கொள்வார் உண்டாகலாம். அது பொருந்தாது; 'தன் செயல் நினைந்து வெந்தவன்' என்பதே பொருள்.

ஆழ்வார்கள், ஆசார்யர்கள் திருவாக்கில்

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் முதற் பதிகத்தில், கழிந்த காலத்தை நினைந்து வருந்தி, நாராயண நாமத்தைக் கண்டுகொண்டதை வெளியிட்டார். முதற் பத்தின் ஆறாம் திருமொழியில் நைமிசாரண்யத்து எம்பெருமானை நோக்கி, தம் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அவன் திருவடியில் ஒதுங்கினார். குற்றத்தைச் சொல்லிக்கொண்டே போய் அதிலேயே தங்கிவிடாமல், அவன் திருவடியில் சென்று நிற்பதே அப்பதிகத்தின் போக்கு. அநுதாபம் செல்லவேண்டிய திசையை இது காட்டுகிறது. திசையற்ற அநுதாபம் வெறும் சோர்வாய் முடியும்.

நம்மாழ்வார் திருவாய்மொழி முதற் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில் காட்டுவது மற்றொரு வகை. எம்பெருமானைக் கிட்டிப் பேசத் தொடங்கிய ஆழ்வார், தம் சிறுமையை நினைந்து, 'கிட்டியதே பிழை' என்று அகல நினைத்தார். அங்கு வருத்தத்துக்குரிய செயல் பாவமன்று. பெரியவனைத் தம் வாயால் பேசியதே. எம்பெருமான் தன் சீலகுணத்தைக் காட்டி அவரைச் சேர்த்துக்கொண்டான் என்பது வியாக்கியானங்களின் போக்கு. ஆளவந்தாரும் ஸ்தோத்ரரத்நத்தில், உலகில் இழிந்த செயல்களுள் தாம் ஆயிரமுறை செய்யாதது இல்லை என்று ஓரிடத்தில் வருந்தினார். பின்னர் நாற்பத்தேழாம் சுலோகத்தில், பிரமன் முதலியோரும் எட்டமுடியாத கைங்கரியத்தைத் தாம் ஆசைப்பட்டதற்கே தம்மை நிந்தித்துக்கொண்டார். செய்ததற்கு அநுதாபம் ஒன்று. ஆசைப்பட்டதற்கு அநுதாபம் மற்றொன்று. இரண்டாவது நைச்யாநுஸந்தானத்தின் எல்லை.

முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசார்யர் சரமசுலோகத்தை விவரிக்குமிடத்து, உபாயாந்தரங்களை விடும்போது ருசி வாஸனைகளோடும் லஜ்ஜையோடும் விடவேண்டும் என்று கருத்துக் காட்டினார். நல்லவை என்று பற்றியிருந்தவற்றைக் குறித்தும் நாணம் பிறக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

அநுதாபம் உபாயமாமோ

அநுதாபம் பிறந்தவனையே எம்பெருமான் காப்பான் எனின், அநுதாபமே உபாயமாகாதோ, அவன் கிருபை அநுதாபத்தை எதிர்பார்த்ததாகாதோ என்று வினவலாம்.

இதற்கு விடை ஸ்ரீராமாயணத்திலேயே உள்ளது. அசோகவனத்து அரக்கியர் பிராட்டியை நலிந்தனர். இராவணன் மாண்டபின் திருவடி அவர்களைத் தண்டிக்க அனுமதி வேண்டினார். பிராட்டி தடுத்துக் காத்தாள். அவ்வரக்கியர் அப்போது சரணம் என்று சொன்னவரல்லர், அநுதபித்ததாகவும் பேச்சில்லை. பராசரபட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் இதனை எடுத்து, அவர்கள் குற்றம் ஈரம் உலராதது என்ற கருத்தமைய அருளிச்செய்தார். விபீஷணனும் காகாசுரனும் சரணம் புகுந்தபின் பெருமாள் காத்தார். பிராட்டியோ அதுவும் இன்றிக் காத்தாள் என்று ஏற்றம் கூறினார். ஆகவே, அநுதாபம் அவள் கிருபைக்கு விலையன்று.

அப்படியாயின் அநுதாபம் எதற்கு எனின், கூறுவோம். அது ரக்ஷகனுக்காக வேண்டப்பட்டதன்று, ரக்ஷிக்கப்படுபவனுக்காக வேண்டப்பட்டது. கைப்பொருளைத் திருடியது தவறு என்று உணராதவனுக்கு மன்னிப்பை அளித்தால், அவன் அதை மன்னிப்பாகப் பெறமாட்டான். தன் செயலுக்கு அனுமதியாகப் பெறுவான்.

ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தின் பதினெட்டாம் அதிகாரமாகிய அபராதபரிஹாராதிகாரத்தில், ப்ரபந்நனுக்குப் பின் நேரும் பிழைகளை வகுத்தார். அறியாமல் நேர்ந்தவை ஒட்டா. அறிந்தே செய்தால், அநுதாபம் பிறந்தவன் மீண்டும் சரணம் புகுந்து தெளிவான். அவ்வாறு நெகிழாத கடினனை எம்பெருமான் கைவிடுவதில்லை; இம்மையிலேயே சிறு துன்பங்களால் திருத்துவான். உபாயத்தின் நிலையைப் பற்றிய இரு ஸம்ப்ரதாயத்தார் நிர்வாஹம் வேறுபடினும், அநுதாபம் தன் பலத்தால் காக்காது என்பதிலும், அது இல்லாத நெஞ்சு திருந்தாத நெஞ்சு என்பதிலும் வேறுபாடு இல்லை.

பாகவதாபசாரத்தில் மட்டும் அநுதாபத்துக்கு மற்றொரு கடமை உண்டு. துர்வாஸ முனிவர் அம்பரீஷனிடம் பட்ட அபசாரத்துக்குப் பின் திருவைகுந்தம் வரை ஓடியும், எம்பெருமான் அவரை அம்பரீஷனிடமே திரும்பச் சொன்னதை ஸ்ரீபாகவதம் ஒன்பதாம் ஸ்கந்தம் கூறுகிறது. யாரிடம் குற்றம் செய்தோமோ அவர் வாசலில் நிற்க வேண்டும். ஸந்நிதியில் மட்டும் கண்ணீர் விட்டு, அவர் வீட்டைக் கடந்துபோவது அநுதாபம் நிறைவேறியதாகாது. அயலானுடைய தண்ணீரை எடுத்தவன் அயலானிடமே போகவேண்டும் என்றவாறு.

அநுதாபமும் இரக்கமும்

குருபரம்பரை நூல்கள் கூறும் ஒரு வரலாறு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். சோழன் அவையில் கூரத்தாழ்வான் திருக்கண்களை இழப்பதற்குக் காரணமாய் நின்றவன் நாலூரான். பின்னர்க் காஞ்சியில் பேரருளாளன் ஆழ்வானுக்கு வரம் அளிக்க, தாம் பெறும் பேறு நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் வேண்டினார். ஆழ்வானிடம் இருந்தது அநுதாபமன்று. அவர் செய்த குற்றம் ஏதுமில்லையே. அது தயை, அநுகம்பை, இரக்கம். அநுதாபம் இருந்திருக்க வேண்டியது நாலூரானிடம். அவனிடம் அது பிறக்குமுன்னரே ஆழ்வானுடைய கிருபை அவனுக்காகப் பேசிற்று. 'ஆழ்வான் நாலூரானிடம் அனுதாபம் காட்டினார்' என்று இன்று எழுதினால், தற்கால வழக்கில் வழுவில்லை. ஸம்ப்ரதாயப் பரிபாஷையில், குற்றமற்றவர் மேல் குற்றம் ஏற்றியதாகும்.

ஆகவே, வியாக்கியானங்களை வாசிப்போர் இச்சொல்லைக் கண்டவிடத்து ஒன்றைக் கேட்டுக்கொள்ளல் நலம்: வருந்துபவன் யார், வருத்தத்துக்குரிய செயல் யாருடையது? இரண்டும் ஒருவனேயாயின், அது அநுதாபம். வேறுவேறாயின், அங்குக் கிருபை, தயை, இரக்கம் முதலிய சொற்களையே ஆசார்யர்கள் இட்டிருப்பர். பதிப்பிப்போரும், இச்சொல் வருமிடத்து அடிக்குறிப்பில் 'செய்த பிழை நினைந்து பின் சுடுகை' என்று ஒரு வரி சேர்ப்பின், இளையோர்க்குப் பேருதவியாகும். எழுத்தில் 'அநுதாபம்' என்று நகரம் இட்டு எழுதும் பழைய முறையை வியாக்கியானப் பதிப்புகளில் காப்பதும் தக்கது. சுவரொட்டியில் காணும் சொல்லினின்று இதனை வேறுபடுத்தி, வாசிப்பவரைக் கணநேரம் நிறுத்த அது போதும்.

வழங்கும் தமிழைத் திருத்துவது இங்கு நோக்கமன்று. துக்க வீட்டில் அயலார் சொல்லும் அனுதாபம் நல்ல சொல்லே. அது தன் வேலையைச் செய்துவருகிறது. ஆனால் ஸந்நிதியில் நின்று தன் குற்றத்தைத் தானே சொல்லிக்கொள்ளவேண்டியவன், தனக்குப் பரிவு வேண்டி நிற்பதாக எண்ணிவிடலாகாது. பரிவு அவனுடைய வேலையன்று, எம்பெருமானுடைய வேலை. அது என்றும் குறைவற நடந்துகொண்டிருக்கிறது. செய்தது தன்னுடையது என்று இசைவதொன்றே இவன் பங்கு. சோகியாதே என்று பகவான் அருளிய வார்த்தையும், ஒருமுறையேனும் தன் செயல் நினைந்து சோகித்தவன் செவியிலேயே பொருளோடு விழும்.